குறை எழுதும் கட்டம்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது என்று எழுத ஆசை. ஆனால் நான் திருடவில்லை, மறைத்தேன். என் அக்காவுக்கு வந்த கடிதத்தைப் பதினோரு நாள் போனுக்குள் மறைத்து வைத்திருந்தேன். எனக்குப் பதினாறு வயது, திண்டிவனத்தில் ப்ளஸ் ஒன். இதை ‘நான்’ போட்டு மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நியாயம் என் பக்கமே சேர்ந்துகொண்டு போனது. அதனால் இனிமேல் அவள் பெயர் முஹ்சினா. அவளிடம் எனக்கு அவ்வளவாக இரக்கம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: ‘ஜெர்மனியில் அன்று பனி பெய்துகொண்டிருந்தது.’ (அடித்துவிட்டேன். பனியை நான் பார்த்ததும் இல்லை, கதை அங்கே நடக்கவும் இல்லை.)

இரண்டாவது: ‘ஷமீமுக்குச் சிறு வயது முதலே சேவை மனப்பான்மை—’ (பொய். அக்கா கேட்டது கெமிஸ்ட்ரி. இடம் கிடைக்கவில்லை. நர்சிங் சேர்ந்த பிறகுதான் அது பிடித்தது.)

மூன்றாவது, இப்போதைக்கு இதுதான்:

ஷமீம் விழுப்புரத்தில் மூன்று வருட நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக வேண்டும். அதற்கு அங்கிருக்கும் ஓர் அலுவலகம் அவர்கள் ஊர்ப் படிப்பையும் நம் ஊர்ப் படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். பாடம் பாடமாக, மணி மணியாக. காகிதங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. டியூட்டியில் போனைத் தொட முடியாது என்பதால் ஷமீமின் மெயில் முஹ்சினாவின் போனில்தான் திறக்கும். வீட்டில் எல்லோரும் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

3

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடிதம் மெயிலில் வந்தது. ஏழு பக்கம், எல்லாம் ஜெர்மன். முஹ்சினா மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டாள். முதல் பக்கத்திலேயே, ‘சமமானதாக அங்கீகரிக்க இயலாது.’ நாலாவது பக்கத்தில் ஓர் அட்டவணை. முதல் கட்டத்தில் அவர்கள் கேட்பது, இரண்டாவதில் நம்மிடம் இருப்பது, மூன்றாவதில் குறை. முதியோர் பராமரிப்பு, நேரடிப் பயிற்சி: அங்கே நானூறு மணி நேரம், இங்கே பூஜ்யம், குறை நானூறு.*

(* சரியான எண்கள் வேறு. அக்காவின் குறையை ஊருக்கே சொல்ல வேண்டாம் என்று மாற்றியிருக்கிறேன். பூஜ்யம் மட்டும் நிஜம்.)

மிச்ச மூன்று பக்கத்தை அவள் படிக்கவில்லை. இந்தக் கதையில் நடக்கும் ஒரே குற்றம் அதுதான்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: “மெயில் எதுனா வந்துச்சாடி?”

“இல்லம்மா.”

குளியலறையில் ஷமீம் பல் விளக்கிக்கொண்டே ஜெர்மனில் இல்லாத ஒரு நோயாளியிடம் வலி எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

4

இங்கே எனக்கு முஹ்சினாவின் மேல் சந்தேகம் வருகிறது. ஒரு பெண் வெறும் பயத்துக்காகப் பதினோரு நாள் வாய் மூடியிருப்பாளா? பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். ‘அக்கா போய்விட்டால் வீட்டில் தனியாக—’ இல்லை, அது அழகாக இருக்கிறது, அதனால் நம்ப முடியவில்லை.

காரணம் சின்னது. போன வருடம் ஷமீம் ஜெர்மன் மொழிப் பரீட்சையில் முதல் முறை தோற்றபோது, ரிசல்ட் பார்த்துச் சொன்னது முஹ்சினாதான். அக்கா இரண்டு நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், சாப்பிடவில்லை. திரும்பவும் அதே வாயால் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். நாளைக்கு ஆனதும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்தது. மறைத்தவர்களுக்குத் தெரியும், இதற்கு வட்டி மாதிரி ஒரு கணக்கு உண்டு.

5

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷமீமுக்கு டியூட்டி. மாதிரி வினாத்தாள் வாங்கி வரச் சொல்லி முஹ்சினாவை விழுப்புரத்தில் தான் படிக்கும் ஜெர்மன் கிளாசுக்கு அனுப்பினாள். அங்கே பிரேம்குமார் பாதுஷா டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். ஷமீமின் நர்சிங் செட், மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பம்.

“எதுக்குண்ணா ஸ்வீட்டு?”

“ஜெர்மனி லெட்டர் வந்துட்ச்சி பாப்பா. அறுநூறு ஹவர் எனக்குக் கம்மியாம்.”

“கம்மின்னா... ஃபெயில்தானே?”

“யாரு சொன்னா? கம்மின்னு எழுதிக் குடுத்தாதான் வேலைக்கே ஆவும். அந்த லெட்டரைக் காட்டித்தான் விசா கேக்கணும். அங்க போயி ஆஸ்பத்திரில வேலை கத்துக்கினே கம்மியானத முடிச்சிக்கலாம். இல்லாங்காட்டி ஒரே எக்ஸாமா எழுதிடலாம். அஞ்சாவது பக்கத்துல ரெண்டு கட்டம் போட்டுக்கிறான். எது வேணுமோ டிக் பண்ணி நாலு வாரத்துல அனுப்பணும்.”

“அனுப்பலன்னா?”

“ஃபைலை மூடிடுவான். ஆமா, உங்க அக்காளுக்கு எனக்கு முன்னாடியே வந்திருக்கணுமே. இன்னா பாப்பா, பாதுஷா தொண்டைல நிக்குதா? தண்ணி குடி.”

இருபத்தெட்டில் பதினொன்று போனால் பதினேழு. முஹ்சினா அதை மூன்று முறை கழித்துப் பார்த்தாள். திண்டிவனம் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது ஐந்தாவது பக்கத்தைத் திறந்தாள். இரண்டு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது.

6

(ஷமீம் கட்டிப் பிடித்து அழுதாள் என்று ஒரு முடிவு எழுதினேன். ஓங்கி அறைந்தாள் என்று இன்னொன்று. இரண்டுமே அக்கா இல்லை.)

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போடும் அறையில் கையுறையோடு நின்றிருந்தாள் ஷமீம். முஹ்சினா போனை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஷமீம் வாங்கிப் படித்தாள். ஜெர்மனிலேயே படித்தாள், உதடு மட்டும் அசைந்தது. அவளுக்கு ஆப் தேவைப்படவில்லை.

“எத்தினி நாளு?”

“பதினொண்ணு.”

“நாலாவது பக்கத்தோட நிறுத்திக்கினு அழுதுக்கினு இருந்தியா?”

“அழுவல. பயந்துக்கினு இருந்தேன்.”

“லூசு. உனக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வரட்டும், நான் பதினோரு நாள் பீரோல வெச்சிப் பூட்டறேன்.” கையுறையோடு காதைத் திருகினாள். ஸ்பிரிட் வாடை. பிறகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. சிரித்தாள்.

“வயசானவங்கள பாத்தது சைபராம்டி. மெடிக்கல் வார்டுல நான் தூக்கி ஒக்கார வெச்சதுல முக்காவாசி பேரு எழுபது தாண்டினவங்க. காலேஜுல அத்த மெடிக்கல் வார்டுன்னு மட்டும்தான் எழுதிக் குடுத்தாங்க. அவன் மேல இன்னா தப்பு?”

வீட்டில் அம்மா கேட்டார்: “எப்போ வந்துச்சி?”

சோற்றைப் பிசைந்துகொண்டே ஷமீம் சொன்னாள்: “நேத்து.”

7

ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருக்கும் அத்தா குரல் செய்தி அனுப்பினார். அதை மாற்றாமல் தருகிறேன்.

“கம்மின்னு போட்டுட்டான்னு உங்கம்மா பேஜாராப் பேசறா. நீ கவலப்படாத ஷமீமு. சவுதில என்ன மேசன்னு போட்டான். ஓமான்ல ஹெல்பர்னு போட்டான். இங்க ஃபோர்மேனு. கை அதே கைதான். எனக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு எவனும் ஒக்காந்து எண்ணிப் பாத்ததில்ல. உனக்கு ஏழு பக்கம் எண்ணிக்கிறான். ஜல்தியா பிரிண்ட் எடுத்துப் பத்தரமா வையி.”

கட்டுரையாக இருந்தால் நாடுகளையும் படிப்புகளையும் பற்றி இங்கே நாலு பத்தி எழுதியிருப்பேன். அத்தா முடித்துவிட்டார்.

8

எல்லாம் சரியாகிவிட்டது. ஷமீம் முதல் கட்டத்தில் டிக் போட்டாள், வேலை கத்துக்கினே முடிப்பது. அனுப்பியாகிவிட்டது, வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. அப்படியானால் கதை முடிந்திருக்க வேண்டும். இந்தக் கதையையும் அந்த அலுவலகத்துக்கு அனுப்பினால் இப்படித்தான் போடுவார்கள்:

கடிதம்: கேட்டது ஒன்று, இருப்பது ஒன்று, குறை இல்லை.
அக்கா: கேட்டது ஒன்று, இருப்பது ஒன்று, குறை இல்லை.
அம்மாவிடம் உண்மை: கேட்டது ஒன்று, இருப்பது பூஜ்யம், குறை ஒன்று.

பிரிண்ட் எடுத்த ஏழு பக்கமும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. தேதி படிக்கத் தெரியும். முதல் பக்கத்தின் மேலேயே இருக்கிறது. ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதெல்லாம் அதை எடுத்து நேராக வைக்கிறார், இன்னும் பார்க்கவில்லை.

இப்போது அம்மா தூங்குகிறார். முஹ்சினாவுக்கு, சரி, எனக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. தினம் கொஞ்சமாக, பாத்திரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே சொல்லி முடிப்பது ஒன்று. காலையில் டீ வைக்கும்போது ஒரே எக்ஸாமாகச் சொல்லிவிடுவது இன்னொன்று. மூன்றாவது கட்டம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் இந்தக் கதையைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள். டிக் போடும் பேனா உங்களிடம்தான் இருக்கிறது.