தரையோடு ஒரு பந்து

அந்தக் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேலை பார்க்கிற இடத்து வருகைப் பதிவேட்டோடு சரி. வயது முப்பத்தெட்டு. வாரத்தில் ஆறு நாள் லிப்டு ரிப்பேர் பார்ப்பார். ஏழாம் நாள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பார். இரண்டு வேலையிலும் தனியாகவே கிடக்கிறாயே என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் சிரிப்பார்.

"லிப்டு குழிக்குள்ளதான் நான் தனி ஆளு. கிரவுண்டுல எனக்கு மச்சினன் இருக்கான்ல" என்பார்.

மச்சினன் என்றால் நெட்டை. மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக இவருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். அந்தக் கிளப்புக்கென்று ஒரு பாணி இருந்தது. பந்தைத் தூக்கி அடிக்க மாட்டார்கள். கோல்கீப்பர் கையிலிருந்தே தரையோடு உருட்டி, கால் மாற்றிக் கால் மாற்றி, எதிராளிக்கு மூச்சு வாங்க வாங்க அந்தப் பக்கத்துக் கோல் வரைக்கும் கொண்டுபோவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். பந்து தாழ்ப்பாள் கைக்கு வந்ததும் நெட்டை பெனால்டி கட்டத்தின் இடது மூலைக்கு இறங்கி வந்து, உள்ளங்கையைத் தொடையோரம் தாழ்த்திக் காட்டுவான். கொடு என்று அர்த்தம். இவர் உருட்டுவார். ஓர் ஆட்டத்துக்கு முப்பது தடவையாவது இது நடக்கும்.

"வீட்ல ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க. கிரவுண்டுக்குப் போனா மட்டும் என்ன அப்படி ஒரு பேச்சு?" என்று மனைவி இருந்தவரை கிண்டலடிப்பாள். உண்மைதான். இருவருக்கும் வாயால் பேச வராது. அவள்தான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. முதல் சில மாதம் நெட்டை வாரம் தவறாமல் வந்தான். வந்து டிவியைப் பார்ப்பான். இவரும் டிவியைப் பார்ப்பார். அவளுடைய நாற்காலிப் பக்கம் இருவருமே திரும்ப மாட்டார்கள். பிறகு வருவது குறைந்தது, அப்படியே நின்றும் போயிற்று. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இவர் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அக்கா ஞாபகம், அவன் முகத்தைப் பார்த்தால் இவருக்கும் அதே கதி. மைதானத்தில் மட்டும் கை தாழ்ந்தது, பந்து போயிற்று. அந்த முப்பது தடவையை வைத்துக்கொண்டு தாழ்ப்பாள் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்.

அதற்கும் வந்தது வினை. இந்தப் பருவத்தில் அடுத்தடுத்து ஏழு தோல்வி. "தாழ்ப்பாள் கழண்டுடுச்சுடோய்!" என்று கேலரியில் கத்தினார்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நிர்வாகம் கையை விரித்தது. பழைய பயிற்சியாளரை மாலை போட்டு அனுப்பிவிட்டுப் புதியவர் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். எந்நேரமும் அவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"அழகு வேணும்னா பூங்காவுக்குப் போங்க. இங்க பாயின்ட் வேணும்" என்றார் ஸ்டாப்வாட்ச் முதல் நாளே. "கோல்கீப்பர் கைக்குப் பந்து வந்தா மூணே செகண்ட். தூக்கி அடிச்சுரணும். ஒருத்தனும் பின்னால இறங்கி வரக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. மாலை தவறாமல் தாழ்ப்பாளை நிறுத்தி நூறு பந்து அடிக்க வைத்தார். மூன்று செகண்டைத் தாண்டினால் அந்தப் பந்து கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று மாதம். சும்மா சொல்லக் கூடாது, பலன் கிடைத்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முக்கி முனகிப் புள்ளி சேர்ந்தது. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் அன்றிலிருந்து தாழ்ப்பாளைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. பந்து கைக்கு வந்ததும் பத்துப் பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். நெட்டையின் சட்டையில் நான்காம் எண்ணில் ஒரு ஓரம் உரிந்திருப்பதுகூட இவருக்கு மனப்பாடம். முகத்தைப் பார்த்துத்தான் மூன்று மாதமாயிற்று.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, உடைமாற்றும் அறையில் ஷூ கயிற்றைக் கட்டியபடியே நெட்டை சொன்னான்: "மாமா, என்னைய மாத்திட்டாங்க." அவன் மருந்து கம்பெனிக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். "ரயில்ல ஒரு நாள் முழுக்கப் போகணும். மேட்ச் முடிஞ்ச மறுநாளே கிளம்புறோம்."

"புள்ளைங்க ஸ்கூலு?"

"அங்கயே சேத்தாச்சு."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஏழு மாடிக் கட்டடத்தின் லிப்டுக் குழிக்குள், கிரீஸ் கையோடு மேலே தொங்கும் கம்பி வடங்களை அண்ணாந்து பார்த்தபடி தாழ்ப்பாள் ஒரு முடிவுக்கு வந்தார். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, ஸ்டாப்வாட்ச் என்ன குதி குதித்தாலும் சரி, நெட்டைக்குத் தரையோடு ஒரு பந்து உருட்டிவிட வேண்டும். அதைத் தவிர அவனிடம் சொல்லிக்கொள்ள இவருக்கு வேறு வழி தெரியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

கடைசி ஆட்டம் டிரா ஆனாலே போதும், கிளப் பிழைத்துவிடும். கேலரி நிரம்பி வழிந்தது. முதல் பாதியில் எட்டுத் தடவை பந்து கைக்கு வந்தது. எட்டுத் தடவையும் இடது மூலையைப் பார்த்தார். காலி. நெட்டை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியிலும் அதேதான். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இவர் மிச்ச நிமிடங்களை எண்ண ஆரம்பித்தார், கிளப்புக்காக அல்ல.

எண்பத்தெட்டாம் நிமிடம். எதிரணி அடித்த கார்னர் பந்தை எகிறிப் பிடித்துக் கீழே விழுந்து எழுந்தார். நெட்டை நின்றிருந்தான். இடது மூலையில், பழைய இடத்தில். முகம் நேராக இவரைப் பார்த்தது. உள்ளங்கை தொடையோரம் தாழ்ந்திருந்தது. சுற்றி எதிராளி ஒருவன்கூட இல்லை.

தாழ்ப்பாள் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். உருட்டு என்றது மனசு. கால் தூக்கி அடித்துவிட்டது.

பயந்துபோனார், கிளப்பை நினைத்துக்கொண்டார் என்று ஏதாவது சொல்லலாம். சொன்னால் பொய். மாலைக்கு நூறாக மூன்று மாதம் அடித்த கால், ஆளைக் கேட்காமல் தன் பாட்டுக்கு அடித்தது. பதினோரு வருஷப் பழக்கம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று அந்தக் காலைத்தான் கேட்க வேண்டும். பந்து நடுக்கோட்டைத் தாண்டி எங்கோ விழுந்தது. நெட்டை கையை ஒரு நொடி அப்படியே வைத்திருந்தான். அப்புறம் மடக்கிக்கொண்டு திரும்பி ஓடினான்.

கடைசி விசில் ஊதியதும் கேலரியே மைதானத்துக்குள் பாய்ந்தது. தாழ்ப்பாளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஸ்டாப்வாட்ச் கீழே நின்று கத்தினார்: "கடைசியில பாத்தீங்களா? பக்கத்துலயே ஆள் நிக்கிறான். உருட்டினாரா? இவர்தான்யா இனிமே நம்ம பாணி!" ஆளுக்காள் முதுகில் தட்டினார்கள். தோள்மேல் உட்கார்ந்தபடி தாழ்ப்பாள் கூட்டத்தில் நெட்டையைத் தேடினார். அவனும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பையோடு நின்றவனைப் பிடித்தார். சற்றுத் தள்ளி அவன் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

"நல்லா அடிச்சீங்க மாமா."

"நீ கை காட்டினது..."

"அந்தக் கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க. விடுங்க."

தப்பித்துக்கொள்ள வழி விட்டான். அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். "இல்ல மாப்ள. பாத்தேன்" என்றார்.

நெட்டை பையின் வாரைத் தோளில் சரிசெய்தான். "தெரியும் மாமா" என்றான் மெதுவாக. "நேரா என்னையத்தான பாத்தீங்க."

கால்தான்டா அடிச்சது, நான் இல்லடா என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன்."

"பண்ணு."

இத்தனை வருஷத்தில் இருவரும் போனில் பேசிக்கொண்டதே கிடையாது. அதற்கெல்லாம் அவள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் இன்னும் சாயங்கால வெளிச்சம் இருந்தது. தாழ்ப்பாள் டிவியைப் போடவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இருந்திருந்தால் ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பாள். திட்டிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டு, இவருக்குச் சொல்ல வராததை எல்லாம் இவருக்காகச் சொல்லியிருப்பாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவர் அந்த நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வலது கால் வலித்தது.