சாப்பாட்டு மேசையிலிருந்து திருவாரூருக்கு

எங்கள் ஊரில் பொம்மை ரயிலுக்கு மோட்டார் வைத்துவிட்டால் பயணிகளை ஏற்றித்தான் ஆகவேண்டும். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி நான் செய்த நீராவி இன்ஜின் அதுவரை அலமாரியில் சும்மா நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன் கொதிகலனுக்குள் ஒரு சின்ன மோட்டாரை ஒளித்துவைத்து, சாப்பாட்டு மேசைமேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் வாசல் மணி அடித்தது.

பின்தெரு கணக்கு வாத்தியார் தணிகாசலம் ஒரு முழுப் பலாப்பழத்தோடு நின்றிருந்தார்.

"திருவாரூர் போகணும். மக வீடு. அவ கல்யாணத்துக்கே நான் போகல. அதுக்கப்புறம் பேச்சில்ல."

என் மனைவி நவமணி அவரை உள்ளே அழைத்துவந்தாள். அவர் இன்ஜினுக்குப் பின்னால் மாட்டியிருந்த ரயில்பெட்டியின் கூரையில் கட்டைவிரலை வைத்தார். பொம்மை ரயிலில் அதுதான் உட்காருவது. சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன, வண்டி நகரவில்லை. மோட்டாரை நேராகச் சக்கர அச்சில் மாட்டியிருந்தேன். வேகம் இருந்தது, இழுக்கத் தெம்பில்லை.

"பழத்த இறக்கி வெச்சிடவா?"

"வேண்டாம் சார். மகளுக்குக் கொண்டுபோறது."

இன்ஜினைப் பிரித்து, மோட்டார்ப் பக்கம் சின்னப் பல்சக்கரமும் அச்சில் பெரிய பல்சக்கரமும் மாட்டினேன்.

"இப்ப இழுக்கும் சார். ஆனா மெதுவாத்தான் போகும்."

"மெதுவாவே போகட்டும். என்ன பேசறதுன்னு இன்னும் தெரியல."

வண்டி கிளம்பியது. விரலை எடுக்காமல் அவரும் மேசையைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்றில், "நல்லாருக்கியாம்மா?" என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த சுற்றில், "நான் வந்திருக்கணும்" என்றார். தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் போன வண்டி மறுபக்கம் வந்தது. அவர் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் மகள் பூங்கோதை போன் செய்தாள்.

"அப்பா வந்துட்டாங்க. தையல் மிஷின் மேல இறங்கினாங்க."

"என்ன சொன்னார்?"

"கையில எண்ணெய தடவிக்கிட்டு பலாப்பழம் உரிச்சிட்டிருக்காங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் தெருவின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தன் நான்கு தூண்களையும் மடித்து சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கடல் பார்க்க வேண்டுமாம். நவமணி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்றது. நான் இன்னும் பெரிய பல்சக்கரம் இருக்கிறதா என்று டப்பாவில் தேடினேன்.