சேற்று மீன்

கண்ணையன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். குருசுக்குப்பத்தில் கட்டுமரம் ஏறுகிறவனுக்கு அலைச் சத்தத்தில் கத்திப் பேசியே பழக்கம். கடலில் கத்தினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அவன் கத்தியதோ வீட்டு வாசலில், மச்சான் முகத்துக்கு நேராக.

அவனும் கமலவேணியும் இரண்டு வீட்டையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வேல்ராம்பட்டுக்காரி. அப்பா, அண்ணன் எல்லாரும் மில் வேலைக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் இராமதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு குண்டான், அதன் வாயில் ஈரத்துணி, உள்ளே உயிரோடு ஒரு விரால். தங்கச்சிக்குப் பிடிக்குமே என்று ஏரியில் பிடித்துக் கொண்டுவந்திருந்தான். கமலவேணிக்கு முகமெல்லாம் பல்.

கண்ணையனின் அம்மா குஞ்சம்மாள் பெரிய மார்க்கெட்டில் கடல் மீன் விற்கிறவள். குண்டானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். அம்மா மூக்கைப் பொத்தியதும் பிள்ளைக்கு வீரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“சேத்து மீனெல்லாம் எங்க அடுப்புல ஏத்தறதில்ல மச்சான். எடுத்துகினு போயிடுங்க.”

இராமதாஸ் குண்டானை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பின்னாலேயே கமலவேணியும் போனாள். தெருமுனை வரை வழியனுப்பத்தான் போகிறாள் என்று கண்ணையன் நினைத்தான். அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் வேல்ராம்பட்டுக்குக் கூப்பிடப் போனபோது அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“சேத்து மீனு, சேத்து மீனுன்னு சொன்னீங்கல்ல? எங்க ஏரியில எறங்கி, உங்க கையால ஒரு விரால் புடிச்சி எடுத்துகினு வாங்க. அப்புறம் வரேன்.”

இவ்வளவுதானே என்று சிரித்துவிட்டான். நடுக்கடலில் வஞ்சிரம் பிடிக்கிறவனுக்கு முழங்கால் தண்ணீர் ஒரு தண்ணீரா?

ஆடி மாசத்தில் வேல்ராம்பட்டு ஏரியில் தண்ணீர் வற்றி, மேலே பச்சைப் பாசி போர்வையாய் மூடிக் கிடந்தது. கால் வைத்தால் வழுக்கியது. கண்ணையன் கடல் தூண்டிலையே கொண்டுபோய், ஈயக்குண்டைக் கட்டி, தலைக்குமேல் சுழற்றி வீசினான். குண்டு பாசியைக் கிழித்துக்கொண்டு நேராகச் சேற்றுக்குள் இறங்கியது. இழுத்தால் முள்ளில் ஒரு கூடைப் பாசி வந்தது. மறுபடி வீசினான், மறுபடி பாசி. சாயங்காலம் வரை ஏரிக்குத் தூர் வாரினதுதான் மிச்சம்.

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அன்வருதீனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மார்க்கெட் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிறவர், ஓய்வு கிடைத்தால் ஏரிக்கரைதான்.

“குண்ட அவுத்து எறி கண்ணையா. தவளக்குஞ்சக் கோத்து, பாசி மேலயே தத்தித் தத்திப் போற மாரி இழு. அது அடியிலேந்து பாத்துகினு இருக்கும்.”

மறுநாள் குண்டு இல்லை, தவளை இருந்தது. பாசி படாரென்று வெடித்தது. கண்ணையன் கடலில் இழுப்பதுபோல் அந்த நொடியே சுண்டினான். தவளையின் கால் மட்டும் திரும்பி வந்தது.

“முழுங்க விடணும்யா!” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் கமலவேணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தினமும் எதிர்க்கரைக் கல்லில் துணி துவைக்க வந்துவிடுவாள். ஒரே புடவையை ஒருத்தி எவ்வளவு நேரந்தான் துவைப்பாள்! அவளை அங்கே பார்க்கிறபோதெல்லாம் கண்ணையனுக்கு வெட்கமாகவும் இருந்தது, தெம்பாகவும் இருந்தது. வீட்டில் குஞ்சம்மாள் வேறு, வீராம்பட்டினம் தேருக்கு மருமகள் இல்லாமல் போனால் ஊர் என்ன பேசும் என்று அரிக்க ஆரம்பித்திருந்தாள். மூக்கைப் பொத்தினதை அவள் சுத்தமாக மறந்துவிட்டாள்.

அடுத்த முறை வந்த அன்று, பாசி விலகிய ஓர் இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதைக் கண்ணையன் பார்த்தான். பொடிப்பொடிக் குஞ்சுகள், ஒரு கூட்டமாய் மேலே வந்து வந்து முங்கின. அவன் மனசு குதித்தது. கடலில் பொடி மீன் கொதித்தால் அடியில் பெரியது நிற்கும். ஒருவரும் சொல்லித்தராமல் தனக்கே தெரிந்த விஷயம் இந்தச் சாக்கடையிலும் செல்லுபடியாகிறதே! தவளையைக் குறிபார்த்துக் கூட்டத்தின் நடுவில் போட்டான்.

படாரென்று வெடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, விழுங்க விட்டு இழுத்தான். தூண்டில் கயிறு விறைத்தது. பாசியோடு பாசியாய் உருண்டு வந்தது, அவன் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்துச் சிரித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அன்வருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமலவேணி துவைப்பதை நிறுத்திவிட்டு நின்றாள்.

“இன்னா பாய்?”

“செவப்புக் குஞ்சு மெதக்கற எடத்துல இந்த ஏரியில யாரும் தூண்டி போடறதில்ல. தாயி அதுங்களுக்குக் காவல் நிக்குது. தவளைய அது திங்க வரல, வெரட்ட வந்துது. இனிமே பொழுது சாயறதுக்குள்ள கெண்டையும் கெளுத்தியும் குஞ்சுங்கள முழுங்கிடும்.”

கண்ணையன் குனிந்து பார்த்தான். சிவப்புக் கூட்டம் கலைந்து, அவன் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கையில் இருப்பதைக் காட்டினால் கமலவேணி வந்துவிடுவாள், சொன்ன சொல் தவறாதவள். ஆனால் இந்த மீனைப் பார்த்துக்கொண்டா வருவாள்?

முள் உதட்டில்தான் மாட்டியிருந்தது. கையை நனைத்துக்கொண்டு மெல்லக் கழற்றினான். வழவழவென்று நழுவிய மீனைத் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்திருந்தான். அது ஒரு துடுப்பை அசைத்தது, பிறகு வாலை அடித்துப் பாசிக்குள் போனது. குஞ்சுகள் பின்னாலேயே போயின.

வெறுங்கையோடு எதிர்க்கரையில் ஏறினான். அவள் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“கமலா, எனக்கு வரல,” என்றான். “என்னால முடியல.”

அவள் அவனுடைய பாசி படிந்த காலைப் பார்த்தாள்.

“கால கழுவிகினு வாங்க. சோறு ஆறிப்போவுது.”

மாமியார் வீட்டில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்டான். விரால் குழம்பு. எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“சேத்து நாத்தம் அடிக்குதா?” என்று கேட்டாள் கமலவேணி.

“கொஞ்சம் அடிக்குது,” என்றான் கண்ணையன். “இன்னொரு துண்டு வை.”

இராமதாஸ் முதலில் சிரித்தான். கை கழுவியதும் கண்ணையன் அவனிடம் போய் நின்றான்.

“மச்சான், அன்னிக்கி எடுத்தாந்த மாரி ஒன்னு குடுங்க. உசுரோட.”

மறுநாள் குருசுக்குப்பத்தில் கண்ணையன் குண்டானைத் தலைமேல் வைத்துக்கொண்டு தெரு நடுவே நடந்தான். பின்னால் கமலவேணி. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வாசலில் குஞ்சம்மாள் எழுந்து நின்றாள். “இன்னாடா அது?”

“விராலும்மா. மச்சான் குடுத்தாரு. நம்ம அடுப்புலதான் வேவப் போவுது.”

குஞ்சம்மாளின் கை மூக்குப் பக்கம் போனது. மகன் முகத்தைப் பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள். போன கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

“சாம்பலப் போட்டு நல்லா உரசுடி. அப்பத்தான் அந்த வழவழப்பு போவும்.”

கமலவேணி குண்டானை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அது உங்களுக்கு எப்டி அத்த தெரியும்?”

“வாய மூடிகினு உரசு,” என்றாள் குஞ்சம்மாள்.