கைப்பிடி உடைந்த கோப்பை

லாட்டிக்கு விரல் கணுக்கள் விண்விண்ணென்று தெறித்தன. காலையில் ஜெபப் புத்தகம், மதியம் கொலைக் கதை, இப்போது சமையல் புத்தகம். பிலடெல்பியாவின் அந்தப் பழைய பதிப்பகம் எதை அச்சடித்தாலும் மடித்துத் தைப்பது அவள் கைதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. முட்டை வாங்க வக்கில்லாமல் அம்மா வினிகர் ஊற்றிச் செய்த கேக். போன குளிர்காலத்தில் அவள் கொண்டுவந்ததைப் பதிப்பாசிரியர் விட்லோ பசைச் சட்டியருகே நின்று தின்றுவிட்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்முறையை எழுதிக்கொண்டு போனார். இப்போது அதன் கீழே, புத்தகத்துக்குப் பெயர் கொடுத்த பணக்காரச் சீமாட்டியின் பெயரில், 'திருமதி ஆல்ட்ரிச்சின் குடும்பப் பலகாரம்' என்றிருந்தது.

"ஏன்டி மூஞ்சி இப்படிக் கோணுது?" என்றாள் பக்கத்து மேசை பெர்த்தா.

"பாரு, 'கைப்பிடி ஒடஞ்ச கோப்பையில ரெண்டு கோப்பை மாவு'ன்னு போட்டிருக்கு. அந்த மகாராணி வீட்டுல ஒடஞ்ச கோப்பையாம்!"

பெர்த்தா விழுந்து விழுந்து சிரித்தாள். லாட்டி சிரிக்கவில்லை; அது அவள் அம்மாவின் கோப்பை. அந்தப் பக்கம் வந்த விட்லோவை மறித்தாள்.

"சார், எங்கம்மா பேரு எங்க?"

"ஆக்னஸ் கிரெஸ்லர்னு போட்டா எவ வாங்குவா, லாட்டி? புத்தகம் விக்க வேணாமா?"

பெயர் மறக்கவில்லை அந்த ஆளுக்கு. லாட்டி பல்லிடுக்கில் இருந்த நூலைத் துப்பிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் ஆல்ட்ரிச்தான். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இன்னும் பாக்கி.