வலது பக்கத்துப் பாக்கெட்

தையல் கடையின் பின்னறையில் ஒரே ஒரு நீள மேசைதான் இருந்தது. அதில் பாதி அவனுடையது, மீதி அவன் மனைவியுடையது. அவன் பாதியில் வெட்டிய துணி, கத்தரிக்கோல், சாக்கட்டி. அவள் பாதியில் ஒரு கூட்ஸ் வண்டிப் பெட்டி.

நிஜப் பெட்டியின் நீளத்தை எண்பத்தேழு பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால் வருமே, அந்த அளவு. உள்ளங்கையில் அடங்கிவிடும். பல் செட் செய்யும் கூடத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியதும் அதே மாதிரிச் சின்னக் கரண்டிகளோடும் ஊசிகளோடும் அவள் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் பல் கட்டிய கை. கடுகில் பாதி அளவுக்கு ஆணித்தலை வைப்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வருத்தமெல்லாம் போனில் வந்தது.

"ரிவெட் எல்லாம் எண்ணிட்டேங்க. கதவுக்கு மேல ஒரு வரிசை கம்மியா இருக்கு, கவனிச்சீங்களா?" என்று அவள் போனில் கேட்டாள். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான். கண்ணை மூடினா அந்தக் கதவுதான் வருது."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவன் கால் நின்றுபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கண்ணை மூடினால் அவன் வருகிறான் என்று அவள் சொன்னதே இல்லை.

மாடியில் குடியிருக்கும் அவன் அக்கா, டீ தம்ளரோடு வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் எது நின்றாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

"என்னடா மிஷின் நின்னுடுச்சு, கரண்ட் போயிடுச்சா?"

"இது கால் மிஷின்க்கா. நூல் அறுந்துடுச்சு."

"நூல் நல்லாத்தான் இருக்கு. வேற என்னமோ அறுந்திருக்கு."

போனின் அந்தப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருப்பவர். கல்யாணம் ஆகாதவர். பழைய ரயில் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். மாதிரி ரயில் செய்கிறவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அவளுக்கு அறிமுகமானார். மனைவி அவரை 'அவர்' என்பாள். அவன் மனசுக்குள், காயத்தில் போட்டால் எரியும் மருந்தின் பெயரால், 'டிங்சர்' என்பான். அக்காவிடம் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லப்போக, அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

அவள் செய்துகொண்டிருந்த ரகப் பெட்டி இப்போது உலகத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. வரைபடமும் கிடைக்கவில்லை. டிங்சர்தான் எங்கோ ஒரு பெட்டி நிறையப் பழைய காலத்து போட்டோ நெகட்டிவ்களான கண்ணாடித் தகடுகளை வாங்கி, அதில் ஒன்றை அச்செடுத்து அவளிடம் கொடுத்தார். இருக்கிற ஒரே படம் அதுதான். பெட்டியின் எண்ணை அடுக்கி வைத்த மூட்டைகள் மறைத்திருந்தன. பக்கத்தில் நின்ற ஆளின் உயரத்தை வைத்துக் கதவின் உயரத்தைக் கணக்கிட்டு, பலகைகளை எண்ணி, நிழலை வைத்து ஏணிப்படியின் கனத்தைப் பிடித்து, மாசக்கணக்கில் அவள் அந்த ஒரு படத்திலிருந்து பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கண்காட்சி. பெட்டிக்கு முன்னால் வைக்கும் அட்டைகூடத் தயாராகிவிட்டது. ஆராய்ச்சி என்று டிங்சரின் பெயர், உருவாக்கம் என்று அவள் பெயர். பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், ஓரத்தில் பொன் கோடு.

மனைவியின் பெயரும் ஓர் ஆண்பிள்ளையின் பெயரும் இப்படி ஜோடியாக அச்சடித்து அவன் பார்த்தது ஒரே தடவைதான். அது அவன் கல்யாணப் பத்திரிகை.

அந்த வாரம் டிங்சர் நேரில் வந்தார். பெட்டிக்கு வர்ணம் பூசும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். வழுக்கையும் தொப்பையுமாக ஒருவரை அவன் மனசில் தைத்து வைத்திருந்தான். வந்தவரோ நெடுநெடுவென்று, நரைத்த கிருதாவோடு, சட்டைக் கடைச் சுவரில் விளம்பரப் படமாக ஒட்டலாம் போல இருந்தார். சட்டை மட்டும் தோளில் தொங்கியது. அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

"சார், எனக்கு ஒரு சட்டை தைச்சுக் கொடுக்கணும். கண்காட்சிக்குப் போட்டுக்கறதுக்கு" என்றார் டிங்சர்.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டு அளந்தான். வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தான்.

"உங்க மனைவிக்கு இருக்கற கண்ணு வேற யாருக்கும் இல்ல சார்" என்றார் அவர், டேப்புக்குள்ளிருந்தே.

"கையை இறக்குங்க. மார்பு அளக்கணும்."

மார்பளவு அவனைவிட மூன்று விரற்கடை அதிகம். அதைத் துண்டுச் சீட்டில் எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், அவன் மேசையின் அவள் பாதிக்குப் போனான். அந்தப் படம் உறையில் இருந்தது. முதலில் அவன் பார்த்தது அதன் பின்பக்கத்தைத்தான். ஏதாவது எழுதியிருக்கிறதா, 'அன்புடன்' என்று ஒரு வார்த்தையாவது? மருந்துக் கடையின் ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது. அதுகூட ஒழுங்காக, நேராகக் குத்தியிருந்தது எரிச்சலாக இருந்தது. முகர்ந்தும் பார்த்தான். இருமல் மருந்து வாசனை.

பிறகுதான் முன்பக்கத்தைத் திருப்பினான். அப்படி என்ன கதவு அது, கண்ணை மூடினால் வருகிற கதவு? அவள் லென்ஸை எடுத்துக் குனிந்தான்.

கதவை அவன் கண் பார்க்கவே இல்லை. அது எப்போதும் போகிற இடத்துக்குப் போயிற்று. பெட்டியோரம் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் குச்சியோடு, கணக்குப் பார்ப்பவர் போல. இன்னொருவர் மூட்டை மேல் சாய்ந்து. காலர், தோள், பட்டன் பட்டி என்று வரிசையாக இறங்கிய அவன் பார்வை குச்சிக்காரரின் மார்பில் நின்றது. பாக்கெட் வலது பக்கத்தில் இருந்தது. பட்டன் பட்டியும் வலது பக்கம் மேலேறி, பெண்கள் சட்டை மாதிரி.

"எந்தப் புண்ணியவான் தைச்சதோ" என்றான் வாய்விட்டு. சாய்ந்திருந்தவரைப் பார்த்தான். அவருக்கும் வலது பக்கத்தில்தான் பாக்கெட். அவருக்கும் பட்டி பக்கம் மாறித்தான்.

ஒரு தையல்காரன் தூக்கத்தில் ஒரு சட்டையைக் கெடுக்கலாம். இரண்டு பேர், இரண்டு துணி, இரண்டு காலர். இரண்டுமா கெடும்?

யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவனுக்கு எதிரே, துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி. அதில் அவனே நின்றுகொண்டிருந்தான், வலது மார்பில் பாக்கெட்டோடு. கையை உயர்த்தித் தன் பாக்கெட்டைத் தொட்டான். இடது பக்கம்தான் இருந்தது.

படம் புரண்டு கிடக்கிறது. தகட்டைத் திருப்பி வைத்து அச்செடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஏணி, பிரேக் கைப்பிடி, கதவு ஓடும் திசை, மாசக்கணக்கில் அவள் செய்தது எல்லாமே இடம் வலமாக.

டிங்சர் தப்பு செய்துவிட்டார். அவனுக்கு அதுதான் முதலில் தோன்றியது. சீட்டியடித்துக்கொண்டே காஜா எடுக்க உட்கார்ந்தான்.

அக்கா படியிறங்கி வந்தாள். "என்னடா இவ்வளவு சந்தோஷம்? டிங்சர் கடையை இழுத்து மூடிட்டாங்களா?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. படத்தைக் காட்டி, பாக்கெட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான். "கண்காட்சிக்கு விஷயம் தெரிஞ்சவங்க நூறு பேர் வருவாங்க. ஒருத்தன் கண்டுபிடிக்காமலா போவான்? அன்னைக்கு இருக்கு அவருக்கு."

அக்கா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். படத்தை அல்ல, மேசை மேலிருந்த அந்தச் சின்னப் பெட்டியை.

"டிங்சர் மூக்கு உடையும், சரி. அட்டையில பக்கத்துல இருக்கறது யாரு மூக்கு?"

அவன் காஜா ஊசியை மறுபடி கையில் எடுத்தான்.

"ரெண்டு மூக்கும் சேர்ந்து உடைஞ்சா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிப்பாங்க. அதுவும் உனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். அக்காமார்கள் ஊசியைக் குத்திவிட்டு நூலை நம்மிடம் விட்டுப் போகிறவர்கள்.

சாயங்காலம் மனைவி வந்தாள். கை கழுவி மேசை முன்னால் உட்கார்ந்தாள். கருவியை மட்டும் எடுக்கவில்லை. பெட்டியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கம்பெனி செஞ்ச மத்தப் பெட்டி எல்லாத்துக்கும் பிரேக் கைப்பிடி வலது கோடியில இருக்கு. இதுக்கு மட்டும் இடது கோடியில. மனசுக்கு ஒப்பவே மாட்டேங்குது."

"அவர் என்ன சொல்றார்?"

"ஆரம்ப காலத்துல அப்படி இருந்திருக்கலாம்னு சொல்றார். படத்துல அப்படித்தானே இருக்குன்னும் சொல்றார்."

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் குரல் அவளுக்குப் புதிது அல்ல. பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏன், அவர் போன் பண்ணா மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க?"

"எப்படி வெச்சுக்கறேன்?"

"துணி பத்தாத சட்டை மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "ரெண்டு பேரும் நாள் பூரா ஒரு கதவைப் பத்திப் பேசறீங்க. நான் ஒருத்தன் இதே மேசையிலதான் உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருக்கீங்க. என்னைக்காவது இது என்ன, ஏன் இப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "அவர் கேக்கறார். அவ்வளவுதாங்க வித்தியாசம். இன்னைக்குத்தான் நீங்க முதல் தடவையா 'என்ன ஆச்சு'ன்னு கேட்டீங்க. அதனாலதான் சொன்னேன்."

தைத்த சட்டையைப் பிரிப்பது போல இருந்தது அவனுக்கு. ஒரு தையல் விட்டதும் மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. எழுந்து படத்தை எடுத்தான். "இங்க வா" என்றான்.

ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தி, படத்தை அவள் கையில் கொடுத்தான். "அந்த ஆளோட பாக்கெட்டைப் பாரு. முதல்ல படத்துல. அப்புறம் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடிச்சு, கண்ணாடியில."

அவள் படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். படத்தைத் திருப்பி மறுபடி பார்த்தாள்.

கண்ணாடிக்குள் குச்சிக்காரரின் பாக்கெட் இடது மார்புக்கு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் பிரேக் கைப்பிடி, அவள் மனசு ஒப்பிய இடத்தில், வலது கோடியில் நின்றது. படத்துக்கு மேலே இரண்டு முகங்கள், அவளுடையதும் அவனுடையதும்.

"புரட்டி அச்செடுத்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா நான் அந்த ஆளோட உயரத்தைத்தான் அளந்தேன். சட்டையைப் பாக்கவே இல்ல." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்பப் பாத்தீங்க?"

"காலையில."

"சாயங்காலம் வரைக்கும் ஏன் சொல்லல?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தான். கண்ணாடி எதிரே இருந்தது. "அவர் நல்லா மாட்டட்டும்னு நினைச்சேன்" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான். "இவ்வளவு பொறாமையா?" என்றாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்த மாதிரி அவனுக்குப் பட்டது. உடனே போனில் டிங்சரைக் கூப்பிட்டு, அவனுக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

டிங்சர் விஷயத்தைக் கேட்டு அதிர்ந்துபோவார், மன்னிப்புக் கேட்பார், குரல் கம்மும் என்று அவன் காத்திருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம்.

"நான்தாங்க அச்செடுத்தேன். தகட்டைத் திருப்பி வெச்சிருக்கேன், மண்டு. சார் இருக்காரா? சார், என்கிட்ட இதே மாதிரி இன்னும் ஒரு பெட்டி நிறையத் தகடு இருக்கு. எல்லாத்துலயும் சட்டை போட்ட ஆளுங்க நிக்கறாங்க. நாளைக்கே எடுத்துட்டு வரட்டுமா? நீங்க ஒரு கண்ணு பாத்துட்டா போதும்."

அவன் அடிக்க ஓங்கிய கையில் யாரோ பூவைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. "சட்டை டிரையலுக்கு எப்படியும் வரணுமே. வாங்க" என்றான்.

"அட்டையைப் புதுசா அடிக்கணும் சார். ஆராய்ச்சியில உங்க பேரும் வரணும். அது இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"போடுங்க. ஆனா என் பேரு நடுவுல."

"நடுவுலன்னா?"

"உங்க பேரு, அப்புறம் என் பேரு, அப்புறம் அவ பேரு."

"அகர வரிசைப்படி பாத்தா சார்..."

"அகர வரிசையெல்லாம் வேண்டாங்க. நடுவுல."

அவள் மேசையில் நெற்றியை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். டிங்சருக்குக் காரணம் புரிந்ததோ இல்லையோ, சரி சார், நடுவுலயே போட்டுடறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தாள். இடது கோடி ஏணியைப் பெயர்க்க வேண்டும். கைப்பிடியை, கதவுத் தண்டவாளத்தை எல்லாம் பெயர்த்து மறுபக்கம் ஒட்ட வேண்டும். பெட்டியை அவன் பக்கம் நீட்டினாள்.

"ரெண்டு விரலால, இங்கயும் இங்கயும் பிடிங்க. அழுத்தக் கூடாது."

பிடித்தான். தன் விரல்கள் இவ்வளவு தடிமன் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. "இந்த ஏணி எதுக்கு? மேல ஏறி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

அவள் கத்தியை நிறுத்தி, அவன் நிஜமாகத்தான் கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், மிஷின் சத்தமே காணோமே. மறுபடியும் நூல் அறுந்துடுச்சா?"

"வேலையா இருக்கேன்க்கா" என்றான் அவன், தலையைத் திருப்பாமல்.