முதல் படகுக்கு வரும் வீடு

"அப்ப இண்டைக்கும் வந்திட்டுதோ?"

"வராமல்? கச்சான் விக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில நிக்குது. குசினியில புகையும் போகுது."

"உள்ளுக்கு ஆள்?"

"கொம்பியூட்டருக்கு முன்னால. தலை தெரியுது."

மாவிலித்துறையில் படகோட்டி பஸ்ரியாம்பிள்ளையும், மீன்கூடையோடு ஏறிய யூலியானாவும் இப்படிப் பேசிக்கொண்டது றஜீபனின் வீட்டைப் பற்றி. இரண்டு அறையும் குசினியும் சீற் கூரையும் உள்ள அந்த வீடு, வேலை நாட்களில் விடிந்ததும் தன் காணியை விட்டுக் கிளம்பி, நெடுந்தீவின் பெரிய தெருவால் இந்த இறங்குதுறைக்கு வந்து முதல் படகுக்காக நிற்கும். படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். ஞாயிறு, போயா விடுமுறை நாட்களில் அசையாது. தொடக்கத்தில் பார்க்க வந்த சனம் பிறகு தன் பாட்டைப் பார்த்தது. தீவின் காட்டுக் குதிரைகள் வழி விட்டன. வீடு கடக்கும்போது விழுகிற தன் மதில்கற்களைத் தெருவோர வீட்டுத் தம்பிராசா தினமும் எடுத்து அடுக்கினார். "நடக்கிறதுதான் நடக்குது, கொஞ்சம் தள்ளி நடக்கக் கூடாதோ" என்று வீட்டைப் பார்த்தே ஏசினார்.

றஜீபன் பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் வீட்டு வரைபடம் கீறிக்கொண்டிருந்தவன். படகில் குறிகட்டுவான் துறை வரை, அங்கிருந்து பஸ். இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில், கம்பத்தில் முதுகு சாய்க்கிற இடம் அவனுடையது. அவன் தோளில் தலை வைத்து ஆஸ்பத்திரிக் கிளாக்கர் சசிகரன் நித்திரை கொள்வான். மனோகரி ரீச்சர் அந்தப் படகிலேயே மூன்று கலியாணம் பேசி முடித்தவர். கடல் கொந்தளித்தால் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் நயினாதீவு அம்மாளைக் கூப்பிட, சைவக்காரர் அந்தோனியாரைக் கூப்பிடுவார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டு வருடத்தில் படகு ஒழுங்காக ஓடாதபோது, நிறுவனத்தில் வீட்டிலிருந்தே கீறி அனுப்பச் சொன்னார்கள். அந்த மாதங்களில், கனடாவில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு ஆசைகளை நேரடியாகவே தனக்கு அனுப்புவார்கள் என்று கண்டுகொண்டான். வேலையை விட்டான்.

அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் போய்வருகிற ஒருவர் இளைப்பாறினாலோ மாற்றலாகிப் போனாலோ, கடைசிநாள் எல்லோருக்கும் தின்ன, எண்ணெயில் பொரித்த றோல்ஸ் வாங்கிவர வேண்டும். படகின் முன்பக்கம், அணியத்தில் நின்று "போயிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். பஸ்ரியாம்பிள்ளை அவருக்காகப் படகை ஒரு வட்டம் சுற்றுவார். அதோடு அவருடைய இடம் வேறொருவருக்குப் போகும். றஜீபன் இதைச் செய்யவில்லை. வீட்டில் இருந்து செய்வதும் ஒரு வேலையோ என்று சிரிப்பார்கள் என்று கூச்சம். கேட்டவர்களிடம் "லீவில நிக்கிறன்" என்றான். அவர்கள் நம்பினார்கள். வீடும் நம்பியது. மற்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். வீட்டுக்கு, லீவு முடிந்திருக்க வேண்டும் என்று பட்டது போலும். ஒருநாள் கிளம்பிவிட்டது.

வருமானம் முன்னதை விடக் கூட. ஆனால் நாலு குளியலறை வைத்த வீடுகளைக் கீறி முடித்து நிமிர்ந்தால், நல்லாயிருக்கு என்றோ கூடாது என்றோ சொல்லப் பக்கத்துக் கதிரையில் ஆள் இல்லை. ஆகவே வீடு இறங்குதுறைக்குப் போவது அவனுக்குப் பிடித்திருந்தது. யன்னலால் பார்ப்பான். தன் இடம் வெறுமையாக இருப்பது தெரியும். சசிகரன் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டு தூங்குவான்.

மாரி நெருங்கியபோது, நடந்து நடந்து வீட்டுச் சுவர் வெடிக்கத் தொடங்கியது. மாதா படத்துக்குக் கீழே தொடங்கிய வெடிப்பு கட்டில் தலைமாடு வரை வந்தது.

"முதல் மழைக்கே இது தாங்காது," என்றாள் மனைவி மேர்சி. "போய் உண்மையைச் சொல்லுங்கோ. பிறகு அது ஏன் நடக்கப்போகுது?"

"சொன்னால் இடம் போயிடும், மேர்சி."

"இடம் போகட்டும். கூரை விழுந்தால் எங்கை படுக்கிறது, உங்கட போட்டிலையோ?"

அவன் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தான். அடுத்தநாள் அவளே றோல்ஸ் சுட்டாள். வீடு ஆடியபடி துறைக்கு நடக்க, எண்ணெய்ச் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தட்டை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள்.

றஜீபன் படகில் கால் வைத்ததும் சனம் ஒதுங்கி அவனுடைய இடத்துக்கு வழி விட்டது.

"லீவு முடிஞ்சுதோ, தம்பி?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"ஒரு வழியா முடிஞ்சுது. கம்பத்தில இடிச்சு இடிச்சு என்ர மண்டை வீங்கிப்போச்சு," என்றான் சசிகரன்.

யூலியானா தட்டைப் பார்த்தாள். "இதென்ன றோல்ஸ்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். றஜீபன் அணியத்துக்குப் போய் நின்றான். சொல்ல வேண்டியது ஒரே வசனம். கரையில் வீடு, வாசற்படி தண்ணீரில் நனைய, வழமையை விடக் கிட்ட வந்து நின்றது. மேர்சி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. அவன் அந்த வசனத்தைச் சொல்லாமலே தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளை பக்கம் திரும்பினான்.

"அண்ணை," என்றான், "அந்த நீளக் கயிற்றை ஒருக்கால் மேர்சியிட்டை எறிஞ்சு விடுங்கோவன். வீட்டையும் பின்னால கட்டிக்கொண்டு போவம்."