சேஃப்லி உட்காரவில்லை

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. ஆங்கில இலக்கணப் பயிற்சிநூல் போடும் பதிப்பாளர் ஒருவர் கேட்டார்: "சார், நவுன், வெர்ப், அட்வெர்ப் எல்லாத்தையும் ஒரு கதையா எழுதிக் குடுங்க. படிக்கிறவங்களுக்குப் பளிச்சுன்னு புரியணும்." தலையாட்டிவிட்டேன். பேசாமல் 'முடியாது' என்றிருக்கலாம்.

முதல் தொடக்கம்: பெயர்ச்சொல் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்கு வினைச்சொல் என்றொரு

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

ஆகவே ஒரு லாண்டரி. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் இடம். அங்கே ஒருத்தி. மடிக்கிற வேகத்தைப் பார்த்து முதலாளி அவளுக்கு வைத்த பெயர் மின்னல். உருளைக்குள் விரிப்பைத் தள்ளுகிறவள் அவளுடைய அண்ணி. தள்ளிக்கொண்டிருந்தவள். உருளைக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பி வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று முதலாளி கழற்றச் சொன்னார். கொஞ்ச நாளில் அண்ணியின் கை உள்ளே போய்விட்டது. இப்போது தன் பிள்ளைக்குத் தலைவாரி விடக்கூட அவளால் முடியாது. அவள் நின்ற இடத்தில் இப்போது மின்னல் நிற்கிறாள். கம்பி இன்னும் சுவரோரம்தான் சாய்ந்திருக்கிறது.

(பதிப்பாளர் ஓரத்தில் எழுதுவார்: "இலக்கணம் எங்கே?" வருகிறது, பொறுங்கள்.)

3

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள் என்று முதலாளி எல்லோருக்கும் ஆங்கில வகுப்பு வைத்தார். வாத்தியாருக்கு ஒரு வழக்கம். சொற்களை அட்டையில் எழுதி ஆட்களின் கழுத்தில் மாட்டிவிடுவார். அவர்கள் வரிசையாக நின்றால் அதுதான் வாக்கியம். மடிப்பு மேசை அக்கா 'வீ'. பாய்லர் அண்ணன் 'வொர்க்'. மின்னல் 'சேஃப்லி'. நாங்கள் பாதுகாப்பாக வேலை செய்கிறோம்.

மின்னல் மெதுவாகப் போய் நின்றாள்.

(பொய். அவள் ஒருநாளும் மெதுவாக நடந்ததில்லை. அட்வெர்பைப் பற்றிய கதையில் அட்வெர்பை வைத்தே புளுகுகிறேன், பாருங்கள்.)

"வேலையை எப்படிச் செய்யறோம்னு சொல்றதுதான் அட்வெர்ப்," என்றார் வாத்தியார். "ஆனா அது இல்லாட்டியும் வாக்கியம் நிக்கும். நீ போய் உக்காரும்மா."

"மாட்டேன் சார்."

பின்வரிசையிலிருந்து முதலாளி சிரித்தார். "கோவத்தப் பாரு! வாத்தியாரே, அதக் கழட்டிட்டு 'குவிக்லி' மாட்டுங்க. வேகமா வேலை செய்யறோம். அதான் நம்ம மின்னலுக்குப் பொருத்தம்."

"அதுவும் அட்வெர்ப்தான்," என்று வாத்தியார் புது அட்டையோடு வந்தார். மின்னல் தன் அட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி கை போனதே அந்த வேகத்துலதான். என் கையும் வேணுமா உங்களுக்கு? கம்பிய மாட்டுங்க. அதுவரைக்கும் இதக் கழட்ட விடமாட்டேன்."

4

பதிப்பாளர் கேட்கும் முடிவு: அவள் உட்காருகிறாள், வாக்கியம் நிற்கிறது, வகுப்பு கைதட்டுகிறது. 'அவள் பணிவாக' என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை, ஓடவும் விடமாட்டேன். இரண்டாவது முடிவில் முதலாளி மனம் உருகுகிறார். எந்த முதலாளியும் உருகி நான் பார்த்ததில்லை. மூன்றாவதில் அவளை வேலையைவிட்டுத் துரத்துகிறார். அது நடக்கக்கூடியது, அதனாலேயே அதை எழுதப் பயமாக இருக்கிறது.

அடுத்தது மட்டும் நான் திட்டமிடாமலே நடந்தது. பாய்லர் அண்ணன் தன் அட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "'சேஃப்லி' இல்லாம 'வொர்க்' மட்டும் நின்னு என்ன சார் பண்றது?" என்றார். மடிப்பு மேசை அக்காவும், "தள்ளி உக்காருப்பா," என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மின்னல் தனியாக நின்றாள். வாத்தியார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து வந்து சொன்னது:

____________

பயிற்சிநூலில் கோடிட்ட இடத்தை நிரப்புவது உங்கள் வேலை. நிரப்புங்கள். ஆனால் அதற்கு முன் அந்த அட்டையைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள். இரண்டும் முழுதாக இருக்கின்றன. அதைக் கெடுக்கிற எந்த விடைக்கும் என்னிடம் மதிப்பெண் கிடையாது.